வேரை விட்டு வைத்த பல்

நரம்பை ஒட்டிப் புதைந்திருக்கும் ஞானப்பல்லை உள்ளூரில் தொடக் கூடாது. எக்ஸ்ரேயை இணைத்து மேல் மருத்துவமனைக்கு எழுதிக் கருத்துக் கேட்க வேண்டும். கருத்து வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும்.

அருப்புக்கோட்டையில் நான் தலைமைப் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற சிறிய அறக்கட்டளை மருத்துவமனையில் இதுதான் விதி. நல்ல விதிதான். அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். யார் எழுத வேண்டும், எத்தனை பிரதி எடுக்க வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று எல்லாவற்றையும் யோசித்தோம். மேலே இருப்பவர்கள் எப்போது பதில் தர வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. காத்திருப்பவர்களுக்கு விதி எழுதுவது சுலபம். காக்க வைப்பவர்களுக்கு எழுத எந்தக் குழுவுக்கும் தைரியம் வருவதில்லை.

புதிதாகப் பட்டம் வாங்கிக்கொண்டு வருகிற நீங்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஞானப்பல்லை எடுக்கணுமா, விடணுமா சார்?" புத்தகத்தில் பதில் இருக்கிறது. தொந்தரவு தராத பல்லைத் தொடாதே. திரும்பத் திரும்பச் சீழ் வைக்கிற பல்லை விட்டு வைக்காதே. இரண்டையும் மனப்பாடம் செய்து தேர்வில் மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். நானும் வாங்கினேன். அந்தப் பல்லைச் சுற்றி ஒரு ஆள் இருக்கிறார், அந்த ஆளுக்கு ஒரு தொழில் இருக்கிறது, அந்தத் தொழிலைச் செய்ய அவருக்கு வாய் வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. அதை எங்கள் மருத்துவமனையில் எடுத்துச் சொன்னவர் என்னைவிட வயதில் பாதி. திருச்சுழிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போன ஒப்பந்த மருத்துவர். வாய் அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு முடித்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நோயாளிகள் கூப்பிட்டபடி டாக்டரம்மா என்றே நானும் எழுதுகிறேன்.

அவர் வந்த புதிதில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்க வேண்டும். அந்த மூடி பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும். வலி காது வரைக்கும் ஏறும். வேறு வேலை செய்கிறவர்களைவிடத் தறி ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்ந்தது. எங்களிடம் தயாராக ஒரு விளக்கம் இருந்தது: புகையிலை போடுகிறார்கள், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. விளக்கம் கைவசம் இருந்தால் யோசிக்க வேண்டிய தொல்லை இல்லை.

ஒருநாள் வெற்றிலைகூடப் போடாத ஒரு தறிக்காரப் பெண் அதே வலியோடு வந்தார். டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. சாயங்காலம் பஸ்ஸைத் தவறவிட்டு, அந்தப் பெண்ணோடு நடந்து அவர் வீட்டு விசைத்தறிக் கொட்டகைக்கே போய் நின்று பார்த்தார். மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்தார்.

"சார், தார் மாத்துறப்ப அவுக என்ன செய்றாகன்னு பாத்திருக்கீங்களா?"

"இந்த ஊர்லயே பிறந்தவன்மா நான். பார்க்காம இருப்பேனா?"

"அப்ப சொல்லுங்க."

பேனாவை மூடி வைத்தேன். அவரே சொன்னார். தறியில் குறுக்காக ஓடுகிற மரக்கட்டைக்கு நாடா என்று பெயர்; அதற்குள் இருக்கும் நூல் சுற்றிய குச்சிதான் தார். நூல் தீர்ந்ததும் புதுத் தாரை உள்ளே வைத்து, நாடாவின் பக்கத்தில் இருக்கும் சின்னத் துளையில் உதட்டை வைத்து உறிஞ்சுவார்கள். நூல் முனை வெளியே வந்துவிடும். கண்ணிமைக்கிற நேரம். இப்படி நாள் முழுவதும்.

"நாம ஸ்ட்ரா போட்டுக் குடிக்காதீங்கன்னு சொல்லி அனுப்புறோம். அவுக ஸ்ட்ராவத் தொடவே இல்ல சார். சொன்னதை அப்படியே கேட்டிருக்காக. கேட்டுட்டு, மறுநாள் தறியில போய் உறிஞ்சியிருக்காக."

அன்று முதல் எங்கள் மருத்துவமனையில் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி சேர்ந்தது. "நாள் முழுக்க உங்க வாய்க்கு என்ன வேலை?" சிலர் இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். வீரசோழனிலிருந்து வந்த ஒரு ஜவுளி வியாபாரி, "கடையில பொய் சொல்றதுதான் டாக்டரம்மா" என்றார். அதற்கும் உதடு வேண்டும்தானே.

தேவகி வந்தது அதற்குப் பிறகு. முப்பதைத் தொடாத வயது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவரும் கணவருமாகத் தறி ஓட்டுகிறார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். வலது பக்கம் கீழே, பாதி வெளியே வந்து பாதி ஈறுக்குள் சாய்ந்து கிடக்கிற ஞானப்பல். அதைச் சுற்றி மூன்றாவது முறையாகச் சீழ். கன்னம் வீங்கி, வாய் ஒரு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

கணவர் கவலையை மறைக்க நக்கலைக் கையில் எடுக்கிற ரகம். "மூணு நாளா எங்க வீட்ல தறிச் சத்தம் மட்டுந்தான் சார் கேக்குது" என்றார்.

தேவகி பல்லைக் கடித்த மாதிரியே சொன்னார். "வாய் திறக்கட்டும். வச்சுக்கிறேன்."

சீழ் இருக்கும்போது கை வைப்பதில்லை. மருந்து கொடுத்து வீக்கத்தை இறக்கி, வாய் திறந்ததும் எக்ஸ்ரே எடுத்தோம். பல்லின் வேர் இரண்டும் கீழ்த்தாடை நரம்பு ஓடுகிற குழாயின் மேல், குதிரையில் கால் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தன. மதுரைக்கு அனுப்பி ஸ்கேனும் எடுத்துப் பார்த்தோம். நடுவில் எலும்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

விடலாமா? விட்டால் அடுத்த முறை சீழ் கழுத்துக்கு இறங்கலாம். இந்த முறையே எச்சில் முழுங்க வலித்தது. எடுக்கலாமா? எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் பாதிக் கீழுதடு மரத்துப் போகும். சில பேருக்குத் திரும்பி வரும்; சில பேருக்கு வராது. டாக்டரம்மா இதை எதையும் ஒளிக்காமல் தேவகியிடம் சொன்னார்.

"மரத்துப்போனா என்ன ஆகும்?"

"உதடு அசையும். ஆனா அதுல என்ன படுதுன்னு தெரியாது. காபி ஒழுகினா துடைக்கத் தெரியாது. நூல் உதட்டுல வந்துருச்சா, இன்னும் நாடாவுக்குள்ள இருக்கான்னு தெரியாது."

தேவகி கணவரைப் பார்த்தார். முதல் முறையாக அவரிடம் நக்கல் எதுவும் வரவில்லை.

"இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்குல்ல" என்றார் தேவகி, இடது கன்னத்தைத் தொட்டு. "எடுக்குறதுன்னா அதையும் சேத்து எடுத்துருங்க. ஒரே வலியாப் போயிரும்."

"அது நேரா முளைச்சு, மேல இருக்குற பல்லோட சேந்து ஒழுங்கா மென்னுக்கிட்டு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் தப்புப் பண்ணுனான்னு இதைத் தண்டிக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கெட்டுப்போனது என்று நாலையும் பிடுங்கச் சொல்லி வருகிறவர்களை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். சரி என்று பிடுங்குகிறவர்களையும் பார்ப்பீர்கள்.

விதிப்படி எழுதினேன். எக்ஸ்ரே, ஸ்கேன், நோயின் வரலாறு எல்லாவற்றையும் இணைத்து, நகரத்தில் ஒரு பெரிய இடத்துக்கு அனுப்பினேன். இடத்தின் பெயர் வேண்டாம். பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலை நினைவூட்டி இன்னொன்று. போன் செய்தால் ஐயா லீவு, ஐயா மாநாடு, ஐயா இப்போதுதான் வெளியே போனார். தேவகியை நேரிலேயே அனுப்பிப் பார்த்தேன். எழுதிக் கேட்டிருக்கிறீர்களே, பதில் வந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலுவலக நடைமுறையில் எனக்கு நல்ல ரசனை உண்டு. இதன் வடிவ அழகை என்னால் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

நாலாவது முறையாக ஈறு சிவந்தது. டாக்டரம்மா மருந்தால் அதை வீங்க விடாமல் பிடித்தார். அடுத்த முறை பிடிக்க முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை. அப்போதுதான் தேவகி அந்தச் செய்தியைச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் இடத்தில் அரை மணி நேரத்தில் பிடுங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். ஸ்கேன் எல்லாம் வேண்டாமாம்.

"நீங்க பதில் வரட்டும் வரட்டும்ங்கிறீக. எனக்குக் கழுத்துல இறங்கிருமோன்னு பயமா இருக்கு டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை அங்க போறேன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் காத்திருந்தது காகிதத்துக்காக. அவர் வலியோடு காத்திருந்தார்.

டாக்டரம்மா என் அறைக்கு வந்தார். "சார், மூணாவது வழி ஒண்ணு இருக்கு. பல்லோட தலையை மட்டும் வெட்டி எடுத்துருவோம். சீழ் வைக்கிறது அதைச் சுத்தித்தானே. வேரை அப்படியே விட்டு, ஈறை மூடித் தைச்சுருவோம். வேர் உயிரோட இருக்கு, நரம்பு பக்கமே போக வேண்டாம். படிக்கும்போது செஞ்சிருக்கேன்."

வேரை உள்ளே விடாதே என்பது நாம் கல்லூரிக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் பாடம். உடைந்த வேரை விட்டுவிட்டு வந்த மாணவர்களை வாசலில் நிற்க வைத்தவன் நான். இப்போது ஒருவர் வேண்டுமென்றே விடுகிறேன் என்கிறார்.

"பின்னாடி அந்த வேர் தொந்தரவு கொடுத்தா?"

"கொடுக்கலாம். கொஞ்சம் மேல ஏறியும் வரலாம். ஏறுனா நரம்பை விட்டு விலகித்தான் வரும். அப்ப எடுக்குறது சுலபம். தேவகிகிட்ட இதையும் சொல்லிட்டேன். அவுக சம்மதம்தான். நடுவுல வேர் ஆடிருச்சுன்னா மட்டும் முழுசா எடுத்துத்தான் ஆகணும். அதையும் சொல்லிட்டேன்."

"விதி?"

"அது உங்க பாடு சார்" என்றார், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு.

உண்மைதான். ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை. விதிப் புத்தகத்தை எடுத்து, யாரும் படிக்காத கடைசிப் பத்திக்குப் போனேன். மேல் கருத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் நோய் முற்றும் அபாயம் இருந்தால், தகுதி பெற்ற நிபுணர் தலைமை மருத்துவரின் ஒப்புதலோடு முடிவெடுக்கலாம். அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொல்லிக் குழுவில் சண்டை போட்டவர் யார் என்று நினைவில்லை. யாராக இருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும். ஒப்புதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தப்பாகப் போனால் டாக்டரம்மாவின் பெயருக்கு முன்னால் என் பெயர் வரும் என்று உறுதி செய்துகொண்டேன். தலைமைப் பதவியில் இருப்பவர் செய்யக்கூடிய உருப்படியான காரியம் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் தேவகி பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் எங்களிடம் வந்தார்.

செய்முறையை விட்டுவிடுகிறேன்; உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் நான் எழுதித் தெரிந்துகொள்ளக் கூடாது. ஓர் இடத்தை மட்டும் சொல்ல வேண்டும். பல்லின் தலை கழன்று வந்துவிட்டது. உள்ளே வேர்கள் பளிச்சென்று தெரிந்தன. பின்பக்க வேர் என் கண்ணுக்கு அவ்வளவு இறுக்கமாகப் படவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் கையில் அரிக்கிறது.

"ஒரு நெம்பு நெம்புனா வந்துரும்போல இருக்கேம்மா" என்றேன் மெதுவாக.

"வந்துரும் சார். நரம்பையும் கூட்டிக்கிட்டு வரும்."

கருவியின் நுனியால் வேரின் தலையில் மெல்லத் தொட்டார். காத்திருந்தார். இன்னொரு பக்கம் தொட்டார். மறுபடி காத்திருந்தார். எங்கள் தொழிலில் கை சும்மா இருக்கிற நேரத்தை யாரும் திறமை என்று கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் செய்ததுதான் அறுவை சிகிச்சை. மற்றதெல்லாம் தச்சு வேலை. வேர் அசையவில்லை. "ஆடல சார்" என்று சொல்லிவிட்டு, சுத்தம் செய்து, ஈறை மூடித் தைத்தார்.

அப்புறம்தான் நிஜமான காத்திருப்பு. மரத்துப் போக ஊசி போட்டிருக்கிறோம். அது தெளிந்த பிறகுதான் உதடு நம் கட்சியா, எதிர்க்கட்சியா என்று தெரியும். தேவகியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தோம். கணவர் வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டே இருந்தார். டீ வாங்கி வந்து, மனைவி குடிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, தானும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. மற்ற நோயாளிகள் போய்விட்டார்கள். டாக்டரம்மா தன் பையிலிருந்து ஒரு தாரை எடுத்தார். தேவகியின் கொட்டகையிலிருந்து முன்னமே வாங்கி வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு சாண் நூலை அறுத்தார்.

"கண்ணை மூடிக்கங்க. ஏதாச்சும் பட்டாச் சொல்லுங்க."

இடது உதட்டில் நூலின் நுனி பட்டது. "தொடுறீக."

வலது பக்கம் பட்டது. பேச்சில்லை.

கொஞ்சம் பொறுத்து மறுபடி. பேச்சில்லை. கணவர் கையில் இருந்த டீ டம்ளர் சாய்ந்து சட்டையில் ஊற்றியது; அவர் கவனிக்கவே இல்லை. நான் ஒப்புதல் கையெழுத்தை நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஊசி இன்னும் தெளியல. அவசரப்படாதீங்க" என்று மட்டும் சொன்னார். தனக்கே சொல்லிக்கொண்டாரோ என்னவோ.

வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவருடைய திருச்சுழி பஸ். அவர் எழவில்லை. அது போன பிறகு மறுபடி நூலை எடுத்தார். முகவாயில் தொட்டார்.

தேவகியின் புருவம் சுருங்கியது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

நூல் மேலே போனது. உதட்டின் ஓரம்.

"நூலு" என்றார் தேவகி, கண்ணைத் திறக்காமலே. "எங்க ஊடை நூலு. அறுவதாம் நம்பர்."

கணவர் தெலுங்கில் என்னவோ சொன்னார். தேவகியும் தெலுங்கிலேயே திருப்பிக் கொடுத்தார். வீக்கத்தோடு வந்த முதல் நாளின் கணக்கைத் தீர்க்கிறார் என்பது மொழி தெரியாத எனக்கே புரிந்தது.

கிளம்பும்போது நான் என் பங்குக்கு வழக்கமான அறிவுரைகளை ஒப்பித்தேன். சூடாகச் சாப்பிடக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ராவில் குடிக்கக் கூடாது.

"எங்க வீட்ல டம்ளர்தான் சார்" என்றார் கணவர்.

டாக்டரம்மா குறுக்கிட்டார். "தார் மாத்துறது யாரு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "வேலைக்கு லீவு விட்டாச்சு டாக்டரம்மா" என்றார் தேவகி. "சும்மா உக்காந்திருப்பேன். நடுவுல ஒண்ணு ரெண்டு தார் மாத்திக் குடுப்பேன், அது வேலையா என்ன?"

டாக்டரம்மா இதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார். பல் வரிசையைச் சீர் செய்யும் கம்பியில் ஒரு துண்டை எடுத்து, குறட்டால் நுனியைக் கொக்கியாக வளைத்து, தேவகியின் கையில் கொடுத்தார். உறிஞ்சுகிற துளைக்குள் இதை விட்டு இழுத்தால் நூல் வந்துவிடும். கொட்டகையில் பார்த்த அன்றிலிருந்தே, வீட்டில் ஒரு பழைய நாடாவை வைத்துக்கொண்டு வளைத்து வளைத்துப் பார்த்திருக்கிறார்.

கணவர் வாங்கிப் பார்த்தார். "இதுல இழுக்குறதுக்குள்ள நான் நாலு நாடா உறிஞ்சிருவேனே."

"அப்ப அவுக தறிக்கும் சேத்து நீங்களே உறிஞ்சுங்க."

புண் ஆறியது. அடுத்தடுத்து எடுத்த எக்ஸ்ரேக்களில் வேர் இருந்த இடத்திலேயே இருந்தது. வீக்கம் திரும்பவில்லை. தேவகி தறிக்குத் திரும்பினார். எல்லாம் ஆறிய பிறகும் கொக்கியைக் கொண்டையிலேயே செருகி வைத்திருந்தார். வாயில் பஞ்சு போகாமல் இருப்பது நன்றாக இருக்கிறதாம். அந்தத் தெருவிலிருந்து பல் வலி எதுவும் இல்லாத பெண்கள் எங்கள் மருத்துவமனைக்கு வந்து, "அந்தக் கம்பி ஒண்ணு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கொக்கி வழங்க எந்த விதியிலும் இடமில்லை. கடைசிப் பத்தியைத் தேடிப் பார்த்தேன், அதிலும் இல்லை. கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

பல்லை எடுப்பதா, விடுவதா என்று இனி என்னிடம் கேட்காதீர்கள். நாற்காலியில் இருப்பவரிடம் அவர் வாய்க்கு என்ன வேலை என்று கேளுங்கள். பதில் புரியவில்லை என்றால் பஸ்ஸை விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். டாக்டரம்மா வேரில் கை வைத்துக் காத்திருந்த மாதிரி காத்திருக்கப் பழகுங்கள். நகரத்திலிருந்து பதில் வருவதற்குக் காத்திருப்பது வேறு வகை. அதற்குப் பழக்கம் தேவையில்லை, தானாகவே வந்துவிடும்.

அந்த வருஷம் மறுநாள் விடுமுறை என்பதால், மருத்துவமனையில் முன்னதாகவே கருவிகளைத் துடைத்துப் பூஜைக்கு வைத்துக்கொண்டிருந்தோம். தேவகியும் கணவரும் பொரியும் கடலையும் கொண்டு வந்திருந்தார்கள். கொட்டகையில் தறிகளை நிறுத்திக் கழுவி, நாடாவுக்கெல்லாம் சந்தனம் வைத்தாயிற்று, கொக்கிக்கும் ஒரு பொட்டு வைத்தாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார் தேவகி. வாய் நிறையப் பொரி. அப்போதுதான் அலுவலக உதவியாளர் நகரத்திலிருந்து வந்த உறையைக் கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். நோயாளிக்குப் பல்லின் தலையை மட்டும் நீக்கி வேரை விட்டு வைப்பது உகந்தது, விரைவில் அனுப்பி வைக்கவும் என்று இருந்தது. டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, கருவிகளுக்குப் பக்கத்தில் பூஜையில் வைத்தார்.

நாங்கள் எழுதியது சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். பதில் வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.